தொரைக்குச் சொல்லாத சேதி

ஆப்கானிஸ்தான் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் எங்கள் பக்கத்து ஆட்கள் நாலு பேர் நாலு பக்கம் கை நீட்டுவார்கள். ஆனால் ஒரு காலத்தில் அந்த நாட்டு அணி கிரிக்கெட் ஆடுகிற அன்றைக்கு, சிறுவாச்சூரிலிருந்து பெரம்பலூர் போகும் வழியில் சர்வீஸ் ரோட்டோரம் இருக்கும் ரெங்கம்மாள் மெஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. லாரிக்காரர்கள்கூட நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஸ்கோர் கேட்டுக்கொண்டு போவார்கள். இந்தியாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் ஆட்டம் நடந்த ஒரு நாளில், இந்திய விக்கெட் விழுந்ததற்கு அங்கே எழுந்த கைதட்டலைக் கேட்டு மிரண்டுபோன வெளியூர்க்காரர் ஒருவர், தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். பந்து போட்டது எங்கள் தொரை என்று அவருக்கு எப்படித் தெரியும்.

தொரை என்றால் வெள்ளைக்காரத் துரை இல்லை. தோரியாலை என்பது அவனுக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர். அதை முழுசாகச் சொல்ல எங்கள் ஊர் நாக்குக்குப் பொறுமை இல்லாததால் இரண்டே நாளில் தொரை ஆகிவிட்டான். நெடுஞ்சாலையை ஒட்டிய இஞ்சினியரிங் காலேஜில் படிக்க வந்தவன். ஹாஸ்டல் சோறு தொண்டைக்குள் இறங்காமல் ஒரு மத்தியானம் மெஸ்ஸுக்கு வந்து, வட்டமாகக் கையைச் சுற்றிக் காட்டி ரொட்டி கேட்டான். ரெங்கம்மாள் கோதுமை மாவைப் பிசைந்து தடித்தடியாக நாலு சுட்டுப் போட்டாள். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயக் காரக்குழம்பு. காரத்தில் கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுக முழுக்கத் தின்றுவிட்டு, மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து உட்கார்ந்தான்.

ரெங்கம்மாளின் மகன் அறிவரசன் அப்போது ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எலக்ட்ரீசியன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் டீமுக்கு அவன்தான் கீப்பர். மெஸ்ஸுக்குப் பின்னால், சோளத்தட்டை அறுத்த காட்டில் பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தபோது தொரை பந்தை வாங்கி இடக்கையால் ஒரு சுழற்று சுழற்றினான். அடிக்க நின்றவனுக்குப் பந்து எங்கே போனது என்று தெரியவில்லை. ஸ்டம்புக்குப் பின்னால் நின்ற அறிவரசனுக்கு மட்டும் தெரிந்தது. பந்தைப் பிடித்தவன் சிரித்தான், போட்டவனும் சிரித்தான். அன்றைக்குப் பிடித்த சிநேகிதம். அதற்குப் பிறகு குன்னம், வேப்பந்தட்டை, அரியலூர், திருமழபாடி என்று எங்கே டோர்னமெண்ட் நடந்தாலும் இவர்கள் இருவரைப் பற்றித்தான் பேச்சு. திருமழபாடியில் முதல் பரிசாக ஆட்டுக்கிடா ஒன்று ஜெயித்து, பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட, கல் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கிடாயை லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவரிடம் கொடுத்து முறைப்படி அறுத்து வாங்கி வந்த பிறகுதான் ரெங்கம்மாள் அடுப்பில் ஏற்றினாள். தொரை சாப்பிட வேண்டுமே. நோன்பு மாதத்தில் அவனுக்காக விடியுமுன் எழுந்து உலை வைத்தவளும் அவள்தான். சோறு போட்டவளை அவன் அம்மா என்றான். அறிவரசனை மாப்ள என்றான். இரண்டுமே அவன் தமிழில் கற்றுக்கொண்ட முதல் வார்த்தைகள்.

படிப்பு முடிந்து தொரை போனான். அவன் நாட்டில் ஆட்சி மாறிய சமயத்தில் ஒரு மாதம் போல அவன் குரலே இல்லை, அறிவரசன் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு நாள் போன் வந்தது. உள்ளூர் அணியில் ஆடுகிறானாம். இன்னொரு நாள் வந்தது. நாட்டு அணியில் எடுத்துவிட்டார்களாம். அறிவரசன் ரோட்டில் ஓடி, மெஸ்ஸுக்கு வந்து, அடுப்படியில் நின்ற அம்மாவைத் தூக்கிச் சுற்றி, அவள் கையிலிருந்த கரண்டியின் குழம்பையெல்லாம் சட்டையில் வாங்கிக்கொண்டான். ஊர்ப் பையன்கள் சும்மா இருப்பார்களா? சிறுவாச்சூர் பிரிவில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள். நடுவில் தொரை, ஓரத்தில் கை கூப்பியபடி டீம் மொத்தமும், மேலே 'எங்கள் மண்ணின் மைந்தன்' என்று கொட்டை எழுத்து. எங்கள் பக்கம் பிறந்தநாள், காதுகுத்து, கல்யாணம், எதுவானாலும் பிளெக்ஸ் இல்லாமல் நடக்காது. தொரை அந்தப் படத்தைத் தன் நாட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிப் பெருமைப்பட்டுக்கொண்டான். அதில் எழுதியிருந்ததை அவனால் படிக்க முடியாது. தமிழ் பேசத்தான் கற்றிருந்தானே தவிர எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

அவன் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்தையும் அறிவரசன் மெஸ் டிவியில் பார்ப்பான். முடிந்ததும் போனை வாயருகே வைத்துக்கொண்டு பேசி அனுப்புவான். "மாப்ள, கிரீஸ் ஓரத்துக்குப் போவாத. தோள் எறங்குது பாரு. மூணாவது ஓவர்ல நேரா வந்து போட்டியே, அது மாதிரி போடு." அந்த அணிக்குச் சம்பளம் வாங்கும் கோச் இருந்தார். ஆனாலும் தொரை சொல்வான், "கோச் கம்ப்யூட்டர்ல பாக்குறாரு. மாப்ள பின்னால நின்னு பாக்குறான்."

அந்த மாப்ளைதான் ஒரு ஐப்பசி மாதத்து சாயங்காலம், அரியலூரில் ஆடிவிட்டு பைக்கில் திரும்பும்போது சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டுச் செத்தான். மழை பெய்து சிமெண்ட் தூளும் சேறும் குழைந்து கிடந்த ரோடு. அவன் அப்பா மாயவனும் அதே ரோட்டில் அதே மாதிரிக் கல் லாரி ஓட்டுகிறவர்தான். தகவல் வந்தபோது அவர் சுரங்கத்தில் லோடுக்கு நின்றுகொண்டிருந்தார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, வேறொருவர் பைக்கில் ஏறி வந்தவர், அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. இப்போது மெஸ்ஸில் வெங்காயம் உரிக்கிறார்.

கல்யாணம் ஆகாத பையனை வெறுமனே அனுப்பக் கூடாது என்று எங்களில் ஒரு வழக்கம் உண்டு. வாழைக்கன்று ஒன்றைப் பிடுங்கி வந்து, மஞ்சள் தடவி, புதுத்துணி சுற்றி, பிணத்தின் பக்கத்தில் நிறுத்தினார்கள். ரெங்கம்மாளின் தம்பி இராமலிங்கம் மஞ்சள் கயிற்றை மருமகனின் விறைத்த கையில் தொட்டு வாங்கி வாழைக்கன்றில் கட்டினார். பெற்றவள் அட்சதை போட வேண்டும். ரெங்கம்மாள் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் நின்றாள். மகன் கல்யாணத்துக்கு அட்சதை போடுவதற்கென்று அவள் எத்தனையோ நாள் நினைத்து வைத்திருந்தது இப்படியா நடக்க வேண்டும். பக்கத்தில் நின்றவர்கள் கையைப் பிடித்துப் போட வைத்தார்கள். பிறகு அந்தக் கயிற்றை அறுத்து, கன்றை வெட்டி, அவனோடு சேர்த்தே புதைத்தார்கள்.

பையன்கள் அழுதுகொண்டே பிளெக்ஸ் வைத்தார்கள். அறிவரசன் தனியாக நிற்கும் நல்ல படம் ஒன்றும் கிடைக்கவில்லை. இராமலிங்கம் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாகப் பட்டு வேட்டியும் மாலையுமாக நின்ற படத்தை வெட்டி எடுத்துப் போட்டார்கள். கண்ணீர் அஞ்சலி என்று மேலே பெரிதாக எழுதியிருந்தது. டீம் கேப்டன் சுதர்சன் அதைப் படம் பிடித்துத் தன் ஸ்டேட்டஸில் வைத்தான்.

மறுநாள் மத்தியானம் அறிவரசனின் போன் அடித்தது. போலீஸ்காரர் கொடுத்த கவரிலிருந்து எடுத்து ரெங்கம்மாள் அதை மடியிலேயே வைத்திருந்தாள். கண்ணாடி ஓரத்தில் விரிசல், மற்றபடி ஒன்றும் ஆகவில்லை.

"திருட்டு மாப்ள. கல்யாணம் பண்றியா? எங்கிட்ட சொல்லல?"

"அலோ," என்றாள் ரெங்கம்மாள்.

"யாரு? அம்மாவா? அம்மா, நான் தொரை. சுதர்சன் ஸ்டேட்டஸ்ல பாத்தேன். பெரிய பிளெக்ஸ். பட்டு வேட்டி, மாலை எல்லாம் போட்டு சிரிக்கிறான். கல்யாணம் ஆச்சா அம்மா?"

அந்த ஒரு நொடியில் என்ன நினைத்தாள் என்று அவளுக்கே பிற்பாடு சொல்லத் தெரியவில்லை. உள்ளங்கையில் அட்சதை மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது.

"ஆச்சுய்யா," என்றாள். "நேத்துத்தான் ஆச்சு."

"எனக்குக் கோவம், மாப்ளகிட்ட சொல்லுங்க. இல்ல, வேணாம், கல்யாண நேரம். சாயங்காலம் எனக்கு மேட்ச் இருக்கு. பாக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்யா. நீ நல்லா போடு."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் மாயவன் நின்றுகொண்டிருந்தார். அவர் கேட்டுவிட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலம், துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் வீடு முழுக்க உட்கார்ந்திருக்க, ரெங்கம்மாள் எழுந்து டிவியைப் போட்டாள். புள்ளையைப் பறிகொடுத்ததில் புத்தி பிசகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தொரை அன்றைக்குப் போட்ட மாதிரிப் பந்து அவன் ஆயுசில் போட்டதில்லை. வந்தவன் போனவனையெல்லாம் சாய்த்தான். ஆட்டம் முடிந்து மைக்கை நீட்டியபோது இங்கிலீஷில் என்னமோ சொல்லிச் சிரித்தான். காலேஜில் படிக்கும் மகள் பிரவீணா மூலையில் உட்கார்ந்து தேம்பினாள்.

"என்னடி சொன்னான்?" என்று கேட்டாள் ரெங்கம்மாள்.

"இந்த விக்கெட்டெல்லாம் இந்தியாவுல இருக்கற என் சிநேகிதனுக்குக் கல்யாணப் பரிசுன்னு சொல்றாம்மா."

உட்கார்ந்திருந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். ரெங்கம்மாள் அழவில்லை. மறுநாள் சுதர்சனைக் கூப்பிட்டு, ஸ்டேட்டஸை எடுக்கச் சொன்னாள். தொரைக்கு யாரும் மூச்சு விடக் கூடாது, நேரம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். அம்மா சொன்னால் சரி என்று பையன்கள் வாயைக் கட்டிக்கொண்டார்கள்.

அந்த நேரம் வரவே இல்லை. இன்றைக்கு மேட்ச், நாளைக்கு மேட்ச், அடுத்த மாதம் பெரிய கோப்பை என்று சொல்லாமல் இருக்கக் காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. ஆனால் மேட்ச் எல்லாம் ஒரு சாக்குத்தான். இந்த ஊரில் அவள் எங்கே போனாலும் மகனைப் பறிகொடுத்தவள். கறிவேப்பிலை வாங்கப் போனாலும் அந்தப் பார்வை. தொரை ஒருத்தன்தான் போன் பண்ணி, "மாப்ள எங்கம்மா?" என்று கேட்பான். "வேலைக்குப் போயிருக்கான்யா," என்பாள். அதைச் சொல்லுகிற அந்த நேரத்துக்கு அறிவரசன் எங்கேயோ ஒரு வீட்டில் ஏணி மேல் நின்று வயர் இழுத்துக்கொண்டிருப்பான். சாயங்காலம் வந்துவிடுவான். அந்தச் சுகத்தை விட அவளுக்கு மனசு வரவில்லை.

தொரை அறிவரசனின் போனுக்குப் பேசிப்பேசி அனுப்பினான். பிரவீணாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, முக்கோணமாக இருக்கும் அந்தக் குறியை அழுத்தி ரெங்கம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்பாள். தவறாமல் சார்ஜ் போடுவாள். முதலில் எல்லாம் சிரிப்பும் கேலியும். போகப்போக, "மாப்ள, தோள் வலிக்குது, பந்து திரும்ப மாட்டேங்குது, நீ பாத்தியா?" என்று வந்தது. பிறகு குறைந்தது. டிவியிலும் தொரை குறைந்தான். ஒரு தொடரில் பந்து போட்டால் மறு தொடரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடினான். அப்புறம் அதுவும் இல்லை. மெஸ்ஸில் கூட்டம் குறைந்தது. போன் அடிப்பதும் நின்றது.

இந்த மாசி மாதத்தில் அது மறுபடியும் அடித்தது. அணி சென்னைக்கு வந்திருக்கிறதாம். ஆட்டத்தில் சேர்க்கவில்லையாம், கூட வந்திருக்கிறானாம். ஒரு நாள் ஓய்வு, காரில் வருகிறானாம். அவ்வளவுதான் பேசினான். மாப்ள எங்கே என்று கேட்கவில்லை.

மெஸ்ஸின் பின்வாசலில் சாக்கு விரித்துக் குவித்திருந்த வெங்காயத்தின் முன்னால் மாயவனும் அவளும் உட்கார்ந்திருந்தார்கள். புதுக்காய், தாள் அரிந்ததும் சாறு பீய்ச்சியது. சர்வீஸ் ரோடு நெடுக மக்காச்சோளம் காயப் போட்டிருந்ததில் தூசி பறந்து வந்து கண்ணில் விழுந்தது.

"இப்பயாவது போன்ல சொல்லிப்புடு," என்றார் மாயவன்.

"எப்படிங்க சொல்றது? வர்ற வழியெல்லாம் கார்ல அழுதுகிட்டா வருவான்?"

"வராமயே போவட்டும். அங்கேயே அழுதுட்டுப் போவட்டும்."

"அப்படிச் சொல்லாதீங்க. புள்ள வூட்டுக்கு வர்றேங்குறான்."

"எந்தப் புள்ள வூட்டுக்கு? எந்த மொகத்தோட அவன் முன்னால நிக்கப் போற? பொண்ணு எங்கன்னு கேப்பான். கல்யாணம் ஆயிருச்சுன்னு சொன்னவ நீதான. எந்தப் பொண்ணைக் காட்டுவ?"

"வந்து ஒக்காந்ததும் சொல்லிடுறேன்."

"சோறு போட்டுட்டியோ, சொல்லமாட்ட. எனக்குத் தெரியும்."

"பசியோட வர்றவனுக்குச் சோறு போடாம எழவு சேதியா சொல்லுவாங்க? வெளியூரு போயிட்டு வந்த ஆளுக்கே கை நனைச்சப்புறந்தான சொல்லுவாங்க. அவன் கடல் தாண்டி வர்றான்."

மாயவன் கத்தியைக் கீழே வைத்தார். "நீ அவனுக்காக மறைக்கல, ரெங்கம்மா. ஒனக்காக மறைக்கிற. நானும் பெத்தவன்தான். எனக்கு அப்படி ஒரு ஆளு கெடைக்கல. எங்கிட்ட எவனும் வந்து ஒம் மவன் எங்கன்னு கேக்க மாட்டேங்குறான்."

ரெங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டு வெங்காயத்தை அரிந்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அவன் வருகிற நாளன்று காலையில் மாயவன் பாய் கடைக்குப் போய்க் கோழி வாங்கி வந்தார். வந்தவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரில் மாலையும் சிவப்பு பல்புமாக இருந்த மகனின் படத்தைக் கழற்றினார். துண்டால் துடைத்து பீரோவுக்குள் துணிகளுக்கு நடுவில் வைத்தார். ரெங்கம்மாள் சொல்லி அவர் செய்யவில்லை. வாசலில் கால் வைத்ததும் சுவரில் பார்த்து அவன் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது.

உச்சி வெயிலில் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. தாடி அடர்ந்து, உடம்பு பருத்து, ஆளே மாறியிருந்தான். சாப்பாட்டு நேரம் முடிகிற வரை யாரும் வரக் கூடாது என்று பையன்களிடம் ரெங்கம்மாள் சொல்லி வைத்திருந்ததால் கூட்டம் இல்லை. உள்ளே வந்தவன் குனிந்து அவள் காலைத் தொட்டான். மாயவனைக் கட்டிக்கொண்டபோது இடக்கை பாதிக்கு மேல் எழும்பவில்லை. ஒரு பெரிய பையைப் பிரவீணாவிடம் கொடுத்தான். பாதாம், உலர்ந்த அத்திப்பழம், அப்புறம் கண்ணாடிச் சில்லும் ஜரிகையும் வைத்துத் தைத்த பச்சை நிறப் பாவாடை சட்டை ஒன்று.

"மாப்ள பொண்டாட்டிக்கு," என்றான். "எங்க ஊர்ல எங்கம்மா தச்சது. லேட்டு. பரவால்ல."

பிரவீணா அதை வாங்கிக்கொண்டு நிற்க முடியாமல் உள்ளே போனாள்.

"எங்க அவங்க?"

"கை கழுவுய்யா," என்றாள் ரெங்கம்மாள். "மொதல்ல சாப்புடு."

கோழிக் குழம்பும், அன்றைக்குப் போலவே தடித்தடியாகச் சுட்ட சப்பாத்தியும், சோறும் வைத்தாள். மாயவன் எதிரில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினார். தொரை குனிந்தபடி சாப்பிட்டான். வலக்கையால் சப்பாத்தியைப் பிய்க்கும்போது இடக்கை மடியில் சும்மா கிடந்தது. ரெங்கம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாய்யா?"

"ஆபரேஷன் பண்ணாங்க. சரியாவல. இதான் கடைசி டூர்ம்மா. அடுத்த டீம்ல என் பேரு இல்ல. இன்னும் வெளிய சொல்லல. கோச் சொல்லிட்டாரு." கொஞ்ச நேரம் மென்றான். "பந்து போட்டா பழைய மாதிரி வரல. எங்க தப்புன்னு யாருக்கும் தெரியல. வீடியோ போட்டுப் போட்டுப் பாக்குறாங்க. மாப்ள ஒரு தடவ பாத்தா சொல்லிருவான். அவன் சொல்லல."

"தொரை," என்று ஆரம்பித்தார் மாயவன்.

"இல்லப்பா, நான் சொல்லிடுறேன். மனசுல வெச்சு வெச்சுக் கஷ்டமா இருக்கு." அவன் தலையை நிமிர்த்தவில்லை. "எவ்வளவு மெசேஜ் அனுப்பினேன் தெரியுமா அவனுக்கு? அழுது அனுப்பினேன். மாப்ள, என்னை வெளிய தள்ளப் போறாங்க, ஒரு வார்த்தை சொல்லு, எங்க தப்புன்னு சொல்லு. எல்லாம் கேட்டான். எல்லாம் நீலம் ஆச்சு. பதில் இல்ல. பொண்டாட்டி வந்தா சிநேகிதன் வேணாம். பெரிய ஆளு ஆயிட்டான். நீங்க சோறு போட்டீங்க, அதுக்காகத்தான் வந்தேன். அவனப் பாக்க வரல."

ரெங்கம்மாளுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. "நீலம்னா என்னய்யா?"

தொரை சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினான். "நான் அனுப்பினது. பக்கத்துல சின்னதா ரெண்டு கோடு இருக்கு பாருங்க. அவன் கேக்கலன்னா சாம்பல் கலர். கேட்டா நீலம் ஆயிடும். எனக்கு இங்க தெரியும். பாருங்க, எல்லாம் நீலம். ஒண்ணு பாக்கி இல்ல."

அவள் பார்த்தாள். மேலே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எல்லாமே அவள் அடுப்படியில், அரிசி களைந்துவிட்டு ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டவை. ஒருத்தன் அங்கே உட்கார்ந்து, தன் சிநேகிதன் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று எண்ணிக் குமைந்திருக்கிறான். செத்தவன் சேதி தெரியக் கூடாது என்று மறைத்ததில், செத்தவனை நன்றி கெட்டவன் ஆக்கிவிட்டாள். மகன் இல்லை என்பதை அவள் தாங்கியாயிற்று. அவனை ஒருத்தன் கேவலமாக நினைப்பதைத் தாங்க முடியவில்லை.

"அவன் கேக்கலய்யா," என்றாள். "நாந்தான் கேட்டேன்."

"நீங்களா?"

"எம் புள்ள கேட்டிருந்தா ஒனக்கு பதில் சொல்லாம இருப்பானா? அவன் இல்லய்யா. லாரில அடிபட்டுப் போயிட்டான். அரியலூரு ரோட்டுல."

சப்பாத்தித் துண்டைப் பிடித்திருந்த கை தட்டின் மேல் அப்படியே நின்றது.

"எப்போ?"

"நீ பிளெக்ஸ் பாத்துட்டு போன் பண்ணியே. அதுக்கு மொத நாளுதான் பொதச்சோம்."

"அது கல்யாண பிளெக்ஸ்."

"அது அஞ்சலி பிளெக்ஸ்யா. எழுதியிருந்துச்சு. ஒனக்குப் படிக்கத் தெரியாது."

"கல்யாணம் ஆச்சுன்னு சொன்னீங்க. அம்மா, நீங்க சொன்னீங்க."

"ஆச்சுய்யா. பொய் சொல்லல. கல்யாணம் ஆவாத புள்ளைய அப்படியே அனுப்பக் கூடாதுன்னு வாழைக்கன்னு வெச்சுத் தாலி கட்டுவாங்க. மொத நாளு அதத்தான் பண்ணிட்டு வந்தேன். நீ கேட்டப்ப அதான் வாயில வந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலம் ஒனக்கு மேட்ச்சு. அப்புறம் நீ டிவில அவனுக்குப் பரிசுன்னு சொன்ன. அதுக்கு மேல எப்படிய்யா சொல்லுவேன்?"

தொரை மாயவனைப் பார்த்தான். அவர் எழுந்து போய் பீரோவைத் திறந்து படத்தை எடுத்துவந்து, பழைய ஆணியிலேயே மாட்டினார். மாட்டிவிட்டு அந்தப் பக்கமே திரும்பி நின்றார்.

தொரை அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் அழுவது மாதிரியே தலையில் கை வைத்துக்கொண்டு, அவன் பாஷையில் அழுதான். ரெங்கம்மாள் அவனைச் சாய்த்துக்கொண்டாள். அவளும் அப்போதுதான், இத்தனை காலத்துக்குப் பிறகு, குரலெடுத்து அழுதாள். பின்வாசலில் வந்து நின்ற சுதர்சனும் பையன்களும் உள்ளே வராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

வெகுநேரம் கழித்து அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "அவனுக்கு எம்மேல கோவம் இல்ல. இல்லம்மா?"

"கோவமா? அன்னிக்குக் காலைல கெளம்பறப்பக்கூட ஒம் பேச்சுத்தான். தொரைக்கு தோள் எறங்குதும்மா, போயிட்டு வந்து சொல்லணும்னு சொல்லிட்டுத்தான் போனான்."

அவன் முகத்தில் ஒரு தெளிச்சி வந்து, வந்ததற்கு வெட்கப்பட்டதுபோல் உடனே குனிந்துகொண்டான். பிறகு சட்டென்று நிமிர்ந்தான். இதுவரை இல்லாத ஒரு பயம் கண்ணில் இருந்தது.

"அம்மா. கடைசி மெசேஜும் கேட்டீங்களா?"

"ஒம் பாஷைல பேசி அனுப்பினியே, நீளமா, அதானே?"

"ஆமா."

"அதத்தான்யா அதிகமா கேட்டேன். எனக்கு ஒரு வார்த்தை புரியல. புரியாட்டி என்ன. சோறு வடிக்கிறப்பக்கூடப் போட்டு வெச்சுக்குவேன். எவ்வளவு நேரம் அவங்கிட்ட பேசியிருக்க."

"அது நல்ல வார்த்தை இல்லம்மா." "போன தடவ டீம்ல இருந்து தூக்கின அன்னிக்குப் பேசினது. அவனைத் திட்டினேன். ரொம்பக் கெட்ட வார்த்தை. எங்க ஊர்ல எதிரியக்கூட அப்படித் திட்ட மாட்டாங்க. அவன் மண்ணுக்குள்ள இருக்கான், நான் அவனை... அந்த போனைக் குடுங்கம்மா. அழிச்சிடுறேன்."

அவன் கையை நீட்டினான். ரெங்கம்மாள் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள், ஆனால் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்யா. அவன் போனதுலேர்ந்து இந்த ஊர்ல ஒருத்தர் அவன ஒரு வார்த்தை கொறையா சொல்லல. தங்கமான புள்ளங்குறாங்க, தெய்வங்குறாங்க. சண்டை போட்டவன்கூட வந்து நல்லவன்னு சொல்லிட்டுப் போறான். செத்தவன யாருய்யா திட்டுவாங்க? உசுரோட இருக்கறவனத்தான திட்டுவாங்க. நீ ஒருத்தன்தான் அவன திட்டியிருக்க. அது இருக்கட்டும்."